ஏசுதாஸ் பெயருக்கு வந்த மெயில்

மைசூர் விஜயநகரில் மெட்டில்டா டீச்சருக்கு இரண்டு விஷயங்களில் நல்ல பெயர். அவரிடம் டைப்ரைட்டிங் படித்தவர்கள் யாரும் லோயர் பரீட்சையில் தோற்றதில்லை என்பது ஒன்று. பிறருடைய கடிதத்தை அவர் படிக்கமாட்டார் என்பது இன்னொன்று. முதல் பெயரைச் சம்பாதிக்க இருபது வருஷம் பிடித்தது. இரண்டாவது பெயர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவருக்கு அதன் மேல்தான் கர்வம் அதிகம்.

தொண்ணூற்றெட்டில் அவர் தம்மிடமிருந்த பன்னிரண்டு டைப்ரைட்டர்களில் பத்தை விற்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சனியன் பிடித்த சத்தம் ஒழிந்தது என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் மோடமும் வாங்கி, இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கு எழுதிப்போட்டார். கனெக்‌ஷனோடு ஒரே ஒரு மெயில் விலாசம் கொடுத்தார்கள். அந்த ஒரு விலாசத்தை வைத்துக்கொண்டு டீச்சர் ஒரு தெருவுக்கே தபாலாபீஸ் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

மைசூரில் அப்போதே இரண்டு மூன்று இடங்களில் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் அங்கே போய் ஆளுக்கொரு விலாசம் திறந்துகொண்டார்கள். பென்ஷன்காரர்களுக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் அது சரிப்படவில்லை. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம், பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீச்சரிடம் அந்தத் தொல்லை கிடையாது. தினம் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அவரே மோடத்தைப் போடுவார். அது கீச்சென்று கத்தி, இரைந்து, ஏழெட்டு முறை தோற்று, ஒருவழியாக லைன் பிடிக்கும். வந்திருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டு, போகவேண்டியதை அனுப்பிவிட்டு, லைனைத் துண்டித்துவிடுவார். இடுப்பில் செங்கல் மாதிரி ஒரு செல்போனைச் செருகிக்கொண்டு திரியும் வீட்டுமனை வியாபாரி மஞ்சுநாத், ஒருநாள் இதிலேயே மெயிலெல்லாம் வரும் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போவான். முதலில் அதில் குரல் ஒழுங்காக வரட்டும் என்று டீச்சர் சொல்வார்.

வந்த மெயில்களை அச்சடித்து அவரவர் அறையில் போடுவதுதான் ஏற்பாடு. பரீட்சைத் தாள்களைப் பிரித்து வைக்கச் செய்த பழைய மர அலமாரி அதற்கு வசதியாக இருந்தது. அதில் இருபத்து நான்கு அறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும், தெருவில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே பெயர் எழுதி ஒட்டியிருந்தார். சீனிவாசன் சார், கௌரம்மா, ஏசுதாஸ் சார், ஈவ்லின் சிஸ்டர் என்று.

படிக்கக்கூடாது என்ற சட்டம் ஆரம்பத்தில் இல்லை. அது கௌரம்மாவின் விஷயத்தில் சூடுபட்ட பிறகு வந்தது. நியூஜெர்சியிலிருந்த மகன் விவாகரத்து செய்யப்போவதாக அம்மாவுக்கு எழுதியிருந்தான். டீச்சர் அதைப் படித்துவிட்டு, வழியில் கண்ட கௌரம்மாவின் வீட்டுக்காரரிடம், கவலைப்படாதீர்கள் சார், இந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஆறுதல் சொன்னார். அந்த மனுஷருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. கௌரம்மா மூன்று மாதம் டீச்சரோடு பேசவில்லை. அன்றைக்கு மெட்டில்டா மாதா படத்துக்கு முன்னால் நின்று ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் தாளின் முதல் வரியில் இருக்கும் பெயரை மட்டும்தான் பார்ப்பது. பார்த்ததும் நாலாக மடித்து, மேலே பெயரெழுதி, அறையில் போட்டுவிடுவது. போகிற கடிதங்களை அவரவர் காகிதத்தில் எழுதித் தருவார்கள். அதை அடிப்பதில் அவருக்குச் சிரமமில்லை. நல்ல டைப்பிஸ்டுக்குக் கண்ணில் பட்டது நேராக விரலுக்குப் போகும், புத்திக்குப் போகாது.

இந்தச் சட்டத்தால் அவர் மதிப்பு ஏறிவிட்டது. டீச்சர் கையில் கொடுத்தால் கல்லறையில் போட்ட மாதிரி என்று சீனிவாசன் சார் எல்லோரிடமும் சொன்னார். அது பாராட்டுதான். டீச்சரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

ஈவ்லின் சிஸ்டருக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். புருஷன் டேவிஸ் மஸ்கட்டில் உயரமான கட்டடங்களில் ஏசி மாட்டுகிற வேலையில் இருந்தான். போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவன் விசாவில் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. மகள் சோனியாவுக்கு ஐந்து வயது. அப்பாவை இரண்டு லீவில் மொத்தம் எழுபது நாள் பார்த்திருக்கிறாள். அப்பா எங்கே என்று கேட்டால் எஸ்டிடி பூத்தைக் காட்டுவாள்.

ஆனால் நர்ஸ் வேலைக்கு விசா வேறு. ஈவ்லினுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். தொண்ணூற்றொன்பது ஜூன் மாதம் பெங்களூரில் மஸ்கட்டின் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து நேர்முகத் தேர்வு வைத்தார்கள். ஈவ்லின் போய்வந்தாள். முடிவு மெயிலில்தான் வரும், எந்த நாளும் வரலாம், வந்ததும் சம்மதம் சொல்லிப் பதில் போட வேண்டும் என்றார்கள். டேவிஸ் ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டதற்கும் அதையேதான் சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை. ஈவ்லினுக்கு செப்டம்பரில் முப்பத்தைந்து முடிகிறது. இது போனால் அடுத்தது கிடையாது.

அதனால் அவள் தினமும் மாலை டியூட்டி முடிந்து, சோனியாவை ஸ்கூல் ஆயாவிடமிருந்து கூட்டிக்கொண்டு, நேரே டீச்சரிடம் வருவாள். தன் அறையில் கையை விட்டுப் பார்ப்பாள். கண்ணால் பார்த்தாலே காலி என்று தெரியும். ஆனாலும் கையை விடுவாள். பிறகு, பரவாகில்ல டீச்சர், நாளைக்கு வரேன் என்று சிரித்துவிட்டுப் போவாள்.

மெயில் ஆகஸ்ட் நாலாம் தேதி, புதன்கிழமை காலை வந்தது.

அதன் தலைப்பில் வெறும் ஒரு நம்பர் இருந்தது. முதல் வரியில், மிஸ்டர் அல்லது மிஸ் என்று இரண்டுக்கும் பொதுவாகப் போட்டு, அதன் பக்கத்தில் ஏசுதாஸ் என்று இருந்தது. மெட்டில்டா பார்த்தது அவ்வளவுதான். மடித்தார், மேலே ஏசுதாஸ் சார் என்று எழுதினார், போட்டார். ஏசுதாஸ் சார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர். மகன் துபாயில். அரபுநாட்டு மெயில் அவருக்கு வாரம் ஒன்று வரும். அப்போது அவர் மகளின் பிரசவத்துக்காக ஹூப்ளி போயிருந்தார். அவருடைய அறையில் ஏற்கெனவே மூன்று தாள் கிடந்தது, இது நாலாவது.

இதில் நடந்தது என்னவென்றால், நம்மவர்களுக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுகிற ஜாதி நாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் காலியாக நின்றால், குமாஸ்தா அப்பா பெயரை எழுது என்பார். கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்த ஈவ்லினும் அப்படித்தான் எழுதினாள். அவள் அப்பாவின் பெயரும் ஏசுதாஸ். கட்டட மேஸ்திரியாக இருந்து செத்துப்போன அந்த மனுஷரைத் தெருவில் எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே கல்லறைச் சிலுவையில் பார்த்தால்தான் ஞாபகம் வரும். மஸ்கட்டில் உட்கார்ந்திருந்த ஆபீசருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? கடைசியில் இருப்பது குடும்பப்பெயர் என்று எடுத்து, மரியாதையாக அதைப் போட்டே எழுதிவிட்டார்.

பத்து நாளுக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அந்தப் பத்து நாளும் ஈவ்லின் வந்தாள். அவளுடைய அறைக்கு நேர் மேலே இருந்தது ஏசுதாஸ் சாரின் அறை.

பதினாறாம் தேதி, திங்கட்கிழமை காலை, ஏசுதாஸ் சார் ஹூப்ளியிலிருந்து வந்து சேர்ந்தார். பேரன் பிறந்ததற்கு ஒரு டப்பா பேடா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் தாள்களை எடுத்துக்கொண்டு, வாசலருகே வெளிச்சத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். நாலாவதைப் பாதி படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“இது நமக்கில்லம்மா. யாரோ நர்ஸுக்கு வந்திருக்கு. மஸ்கட்ல வேலையாம். எம் பேரு எப்படி இதுல ஏறிச்சுன்னுதான் தெரியல.”

தாளை மேஜையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். மெட்டில்டா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நர்ஸ் என்ற சொல் காதில் விழுந்தபோதே அவருக்கு ஈவ்லினின் காலி அறை ஞாபகம் வந்துவிட்டது. பிறகு, ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, பிறருடைய கடிதம் ஒன்றை அவர் முழுக்கப் படித்தார். தங்களைத் தேர்ந்தெடுத்திருப்பதில் மகிழ்ச்சி என்று இருந்தது. பாஸ்போர்ட் பெயர், ஈவ்லின் ஏசுதாஸ், நம்பரோடு இருந்தது. பதினாலாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போகும் என்றும் இருந்தது. பதினாலு முடிந்து இரண்டு நாள்.

மேஸ்திரியின் அடக்கத்துக்குப் போனவர்தானே அவரும், ஏசுதாஸ் என்று பாதிரியார் சொன்னதைக் காதால் கேட்டவர்தானே. இரண்டாவது வரியைப் படித்திருந்தால் போதும். ஒரே ஒரு வரி. படிக்காததற்கு இத்தனை நாள் பெருமை பேசிக்கொண்டு திரிந்தோமே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த நிமிஷமே எழுந்து நர்சிங் ஹோமுக்கு நடந்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷ நடை. செருப்பைக்கூட மாட்டினார். மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவருக்கு, ஈவ்லின் தன்னைப் பார்க்கப்போகும் பார்வை முன்னாலேயே தெரிந்துவிட்டது. முதலில் காரியத்தைச் சரிசெய்வோம், பிறகு சொல்வோம் என்று தோன்றியது. இரண்டு நாள்தானே தாமதம், அவர்களும் மனுஷர்கள்தானே. சரியான பிறகு சொன்னால் இரண்டு பேருமாகச் சிரித்துக்கொள்ளலாம். பயத்துக்கு இப்படி நல்ல நல்ல நியாயங்கள் கிடைத்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஈவ்லின் எழுதுவதுபோலவே ஒரு பதில் அடித்தார். முழுச் சம்மதம், மைசூரில் மழையால் டெலிபோன் லைன் பழுது, தாமதத்தை மன்னிக்கவும் என்று அவருக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தையெல்லாம் போட்டு எழுதினார். ஒன்பதாவது முயற்சியில் லைன் கிடைத்தது. மெயில் போனது.

ஆறு மணிக்கு ஈவ்லின் வந்தாள். அறையில் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டாள். பிரஷர் பார்க்கட்டுமா என்றும் கேட்டாள். மெட்டில்டா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“ஒண்ணும் வரலயா டீச்சர்?”

“இன்னும் வரல சிஸ்டர்.”

அதுவரை நடந்தது கைத்தவறு. இப்போது சொன்னது பொய். டீச்சருக்கும் அது தெரியும். அன்று அவர் சாப்பிடவில்லை, ஜெபமும் செய்யவில்லை. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஐந்து தடவை மோடத்தைப் போட்டுப் பார்த்தார். சீனிவாசன் சாருக்கு மூன்று, கௌரம்மாவுக்கு ஒன்று. மஸ்கட்டிலிருந்து ஒன்றுமில்லை. மாலையில் ஈவ்லின் வந்தாள், கையை விட்டாள், போனாள். அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று டீச்சர் பின்னால் நினைத்துக்கொண்டார். சொல்லியிருப்பாரோ என்னவோ.

புதன் காலை பதில் வந்தது. நாலே வரி. உங்கள் கடிதத்தை இன்றுதான் திறந்து பார்த்தோம். பதிலுக்காகத் திங்கட்கிழமை மாலை வரை காத்திருந்துவிட்டு, நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, அந்த இடத்தைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம். அவரும் சம்மதித்துவிட்டார். எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

அன்று மாலை ஈவ்லின் உள்ளே வந்தபோது டீச்சர் அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றார். சோனியாவிடம் பேடா டப்பாவைக் கொடுத்து வாசற்படியில் உட்காரச் சொன்னார். பிறகு மூன்று தாளையும், அதாவது வந்ததையும் தான் எழுதியதையும் அதற்கு வந்த பதிலையும், ஈவ்லின் கையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பெயர் குழம்பியதைச் சொன்னார். பன்னிரண்டு நாள் மேல் அறையில் கிடந்ததைச் சொன்னார். திங்கட்கிழமையே தெரிந்தும் வரவில்லை என்று சொன்னதையும் விடாமல் சொன்னார். சொல்லும்போது ஈவ்லினின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் யூனிஃபார்மின் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஈவ்லின் மூன்று தாளையும் படித்தாள். முதல் தாளை இரண்டு தடவை படித்தாள். நர்ஸ்களுக்கு அழுகையை அடக்கப் பழக்கம் உண்டு. அவள் அழவில்லை.

“பேரு மாறினது பரவாகில்ல டீச்சர். எங்கப்பா பேரு எனக்கே மறந்து போகும். ஆனா திங்கக்கிழமை சொல்லியிருக்கலாமே.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு போன் போட்டிருப்பேன். இந்தத் தாள்ல இருக்கிற நம்பரக் குறிச்சுக்கிட்டு சாயந்திரமே அவரு அங்க போயிருப்பாரு. அவரு ரூம்லேர்ந்து அந்த ஆஸ்பத்திரி பஸ்ல பத்து நிமிஷம். திங்கக்கிழமை சாயந்திரம் வரைக்கும் காத்துட்டு இருந்திருக்காங்க இல்ல?”

மெட்டில்டாவுக்கு இது தோன்றவே இல்லை. மெயிலுக்கு மெயில்தான் பதில் என்று மட்டுமே அவருக்கு ஓடியது. அந்தப்பக்கம் ஒரு மனுஷன், கால் இருக்கிற, அந்த ஊரிலேயே இருக்கிற ஒரு மனுஷன், இதற்காகவே ஐந்து வருஷமாகக் காத்திருக்கிறான் என்பது நினைவுக்கு வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். ஈவ்லின் கையை உயர்த்தி வேண்டாம் என்றாள்.

நாலு மணி லைனில் டேவிஸின் மெயிலும் வந்திருந்தது. கம்பெனியில் கூட வேலை செய்பவன் மூலமாக வாரம் ஒரு தடவை அனுப்புவான், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. மடித்த அந்தத் தாளை டீச்சர் எடுத்துக் கொடுத்தபோது ஈவ்லின் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீங்களே படிங்க டீச்சர். எனக்கு இப்ப முடியாது.”

மெட்டில்டா படித்தார். டேவிஸ் ஒரு வீடு பார்த்திருந்தான். ஒரு ரூமும் சமையலறையும் சின்ன பால்கனியும். எதிரிலேயே இந்தியன் ஸ்கூல். சோனியாவை பால்கனியில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். கடிதம் இன்னும் வரவில்லையா? வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே. மாதா கைவிட மாட்டாள். டீச்சரையும் விசாரித்ததாகச் சொல்லு. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

வாசற்படியில் சோனியா பேடா தின்றுகொண்டிருந்தாள். ஈவ்லின் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து டீச்சரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பதில் போடலாம், நான் சொல்லச் சொல்ல அடியுங்கள் என்றாள்.

“லெட்டர் வந்துச்சு, மத்தவங்களுக்கெல்லாம். எனக்கு வரல. என்னை எடுக்கல போல. அப்படி அடிங்க.”

டீச்சரின் விரல் நின்றுவிட்டது. “உங்கள எடுத்திருக்காங்க சிஸ்டர். அது பொய் இல்லையா? நான் பண்ணின தப்ப நானே எழுதிடறேன் அவருக்கு.”

“எழுதினா? ரெண்டு நாள்ல போச்சுன்னு தெரியும். அந்த வீட்டு வழியா தினம் வேலைக்குப் போவாரு. எட்டு மாடி மேல கயித்துல தொங்கி ஏசி மாட்ற வேலை டீச்சர். இதை மனசுல வச்சுக்கிட்டு அவரு ஏறக்கூடாது. எடுக்கலைன்னா எம்மேல ரெண்டு நாள் வருத்தப்படுவாரு, அவ்வளவுதான்.”

மெட்டில்டா அடித்தார். நிமிஷத்துக்கு அறுபது சொல் அடிக்கிற கை, அந்த மூன்று வரிக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. முடித்ததும் ஈவ்லின் குனிந்து திரையைப் படித்துப் பார்த்தாள். ஏதோ குறைகிற மாதிரி யோசித்தாள்.

“இன்னொரு வரி சேத்துக்கங்க. இன்டர்வியூல நான் இன்னும் கொஞ்சம் நல்லா பேசியிருக்கணும், தப்பு என்னோடதுதான்னு.”

டீச்சர் அதையும் அடித்தார். மோடம் கத்தி ஓய்ந்து லைன் கிடைத்ததும், அனுப்பும் பொத்தானை அழுத்த அவருக்குக் கை வரவில்லை. ஈவ்லின்தான் எட்டி அழுத்தினாள்.